இனப் பெயரும் வீட்டு விலாசமும்: நல்லதண்ணியிலிருந்து சில குறிப்புகள்

மார்கழிப் பௌர்ணமியோடு நல்லதண்ணியில் சீசன் தொடங்கும். வைகாசிப் பௌர்ணமி வரை ஊர் உறங்காது. மஸ்கெலியாவிலிருந்து வரும் பாதை இங்கே வந்து முடிகிறது. இதற்கு மேல் படிக்கட்டுத்தான். 2,243 மீற்றர் உயரமான அந்த மலையைச் சிங்கள மக்கள் ஸ்ரீ பாத என்றும், இந்துக்கள் சிவனொளிபாதமலை என்றும், நாம் பாவா ஆதம் மலை என்றும் அழைக்கிறோம். கிறிஸ்தவர்களில் சிலர் அதனைப் புனித தோமையாரோடு தொடர்புபடுத்துவர். 1344இல் இப்னு பதூதா இம்மலைக்கு வந்தார். மலைக்கு ஏறும் இரு பாதைகள் பாவா பாதை, மாமா பாதை என்று ஆதம் நபியின் பெயராலும் ஹவ்வா அம்மையாரின் பெயராலும் வழங்கியதை அவர் தம் பயண நூலில் பதிந்துள்ளார்.

எங்கள் குடும்பத்துக்கு மஸ்கெலியா பஜாரில் ஒரு பலசரக்குக் கடை. சீசனுக்கு நல்லதண்ணியிலும் தற்காலிகக் கடை போடுவோம். தொப்பி, கம்பளிச் சால்வை, பிளேன்டி, பிஸ்கட் எல்லாம் விற்போம். பாடசாலை விடுமுறைக் காலமெல்லாம் எனக்கு அந்தக் கடையில்தான் கழிந்தது. பின்னர் ஆசிரியனாகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். இத்தனை காலத்தில் நான் அடிக்கடி கேட்ட வாக்கியம் ஒன்றுண்டு. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பிளேன்டியை உறிஞ்சிக்கொண்டே சொல்வார்கள்: “நாலு மதமும் ஒண்டா ஏறுற மலை உலகத்தில வேற எங்க ஈக்கி?”

உண்மைதான். ஆனால் அவர்கள் நின்று பேசும் இடத்திலிருந்து சற்றுத் திரும்பிப் பார்த்தால் தேயிலைக்கு நடுவே லயங்கள் தெரியும். ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று, முன்னால் சிறு விறாந்தை, மேலே தகரம். மலையை நாலு மதத்தாரும் பங்கிட்டுக் கொள்கிறோம். மலையடிவாரத்து நிலத்தை யார் யார் பங்கிட்டுக் கொண்டோம்? பன்மைச் சமூகம் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவது கேள்வியை நாம் கேட்பதில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

இரண்டு பிறப்புப் பதிவுகள்

நம் நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் இனத்தைக் குறிக்க ஓர் இடம் உண்டு. என்னுடையதில் ‘இலங்கைச் சோனகர்’ என்றிருக்கிறது. மஸ்கெலியாவில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழருடையதில் ‘இந்தியத் தமிழர்’ என்றிருக்கிறது. ஓய்வூதிய அலுவலுக்காக என் பழைய பத்திரங்களைப் புரட்டியபோது, ஏதோ விண்ணப்பத்துக்கு உறுதிப்படுத்துவதற்காக அவர் என்னிடம் தந்துவிட்டுப் போன பிரதியும் அதற்குள் கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

என் வாப்பாவின் வாப்பா இராமநாதபுரச் சீமையிலிருந்து வந்தவர். தோழரின் முன்னோர் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இரு தரப்பும் தமிழ் பேசியவர்கள், இரு தரப்பும் கடல் கடந்தவர்கள். சொல்லப்போனால் தோழரின் குடும்பம் எங்களுக்கு இரண்டு தலைமுறை முந்தியே இந்த மலைக்கு வந்துவிட்டது. அப்படியிருக்க மூன்றாம் தலைமுறையில் நான் ‘இலங்கை’ ஆகிவிட்டேன், ஐந்தாம் தலைமுறையில் அவர் இன்னும் ‘இந்திய’ ஆக இருக்கிறார். இது எப்படி நடந்தது?

பெயர்களை ஆக்கியது யார்?

‘இனம்’ என்ற நம் சொல்லுக்குள் பல பொருள்கள் அடங்கிக் கிடக்கின்றன. உடல் தோற்றத்தால் பிரிப்பது, மொழியாலும் வழக்கத்தாலும் பிரிப்பது, அரசியல் சமூகமாகத் திரள்வது எல்லாவற்றுக்கும் நாம் அந்த ஒரு சொல்லையே வைத்திருக்கிறோம். அதனால் இனம் என்பது இரத்தத்தில் ஊறிய, மாறாத ஒன்று என்ற எண்ணம் நமக்குள் எளிதாகப் புகுந்துவிடுகிறது. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

நம் சமூகத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று றோயல் ஆசியக் கழகத்தில் கட்டுரை படித்தார். சட்டநிரூபண சபையில் சோனகருக்குத் தனி ஆசனம் கொடுப்பதா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. 1889இல் அந்த ஆசனம் கிடைத்தது, எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமனம் பெற்றார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பாக நூல் எழுதினார். நாம் யார் என்ற விவாதமும் நமக்கு ஆசனம் உண்டா என்ற விவாதமும் அக்காலத்தில் சேர்ந்தே நடந்தன. நமது அடையாளம் பொய் என்று இதற்குப் பொருளல்ல. எந்தச் சமூகத்தின் அடையாளமும் தேவைகளுக்கும் நெருக்கடிகளுக்கும் நடுவேதான் உருப்பெறுகிறது என்பதே பொருள்.

அடுத்து, குடிசன மதிப்பீடு. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்றும், சோனகரை இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்றும் தனித்தனிப் பிரிவுகளாக எண்ணியது. என் பாட்டனார் அந்த நான்காவது பிரிவைச் சேர்ந்தவர். ‘கரையோரச் சோனகர்’ என்றும் அவர்களைச் சொல்வதுண்டு. 1915 கலவரத்துக்கு வித்திட்ட கம்பளைப் பெரஹரா வழக்கு அவர்களது பள்ளிவாசல் தொடர்பானதே. அந்த ஆண்டு மே மாத இறுதியில் கண்டியில் தீ மூண்டபோது முதல் இலக்கு கரையோரச் சோனகரின் கடைகள்; பிறகு எந்தச் சோனகர் என்று யாரும் கேட்கவில்லை. கணக்கெடுப்பில் இருந்த வேறுபாடு கலவரக்காரனின் கண்ணுக்குத் தெரியவில்லை.

1948

அந்தப் பெயர்களின் விலை என்னவென்று தெரியவந்தது சுதந்திரத்தின் பின்னரே. 1947 பொதுத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் பல ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஒருவர் இந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கு பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்கப் பத்திரம் வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் இறந்த எத்தனை பேரின் தந்தைக்குப் பிறப்புப் பதிவு இருந்திருக்கும்?

1949இல் இன்னொரு சட்டம் வந்தது. அதன் பெயரையே கவனியுங்கள்: இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். தோட்டத் தொழிலாளி, கரையோரச் சோனகர், கொழும்பின் மேமன், போரா வணிகர்கள் ஆகிய அனைவரும் இதற்குள் வந்தார்கள். மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ச்சியாக இங்கு வசித்ததைக் காட்ட வேண்டும். நிலையான வருமானத்தையும் காட்ட வேண்டும். ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரையில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு மட்டும்.

என் பாட்டனார் அந்தச் சிறு தொகைக்குள் வந்துவிட்டார். எப்படி? அவரிடம் பஜாரில் இலக்கமிட்ட கடை இருந்தது. கடை அனுமதிப்பத்திரம், வரி ரசீது, மொத்த வியாபாரி கொடுத்த பில், பள்ளிவாசல் நிர்வாகத்தின் கடிதம் எல்லாம் அவர் கையில் இருந்தன. கம்பளையில் கலியாணம் செய்திருந்தார். ஆங்கிலம் தெரிந்த ஒருவருக்குக் கூலி கொடுத்து விண்ணப்பம் எழுதுவித்தார். தோழரின் பாட்டனாரும் விண்ணப்பித்தார். அவரது வதிவு, வேலை, வருமானம் எல்லாமே தோட்டத்துச் செக்ரோலில் இருந்தன. அந்தப் புத்தகம் அவர் கையில் இல்லை. விண்ணப்பம் தள்ளுபடியானது. இருவருக்கும் அறிவிலோ உழைப்பிலோ இந்நாட்டின் மீதான பற்றிலோ வேறுபாடு இருக்கவில்லை. ஒருவருக்கு விலாசம் இருந்தது, மற்றவருக்கு இல்லை. அவ்வளவுதான்.

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது நாடற்றவர் தொகை 9,75,000 என்று மதிப்பிடப்பட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். தோழரின் பெரியப்பா குடும்பம் ஹட்டனில் ரயிலேறித் தலைமன்னார் வழியாகப் போய்க் கூடலூரில் மறுபடி தேயிலைக்கே போனது. இங்கு எஞ்சியிருந்த அனைவருக்கும் வழிவிட்ட சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. 1948லிருந்து எண்ணினால் 55 ஆண்டுகள்.

இதற்கிடையில் ‘இந்தியச் சோனகர்’ என்ற பெயர் மெல்ல மறைந்தது. சிலர் ஊர் திரும்பினர், சிலர் பதிவு பெற்றனர், பலர் திருமணத்தாலும் ஜமாஅத்தாலும் இலங்கைச் சோனகரோடு கலந்தனர். 2012 குடிசன மதிப்பீட்டின் பிரதான அட்டவணையில் அப்படியொரு பிரிவே இல்லை. ‘இந்தியத் தமிழர்’ மட்டும் சுமார் 8,40,000 பேராக அங்கே நின்றார்கள். அப்போது நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் இருந்தவர்கள் அவர்கள்தான். மலையகத் தமிழர் என்று தம்மைத் தாமே அழைக்கும் உரிமையை அவர்கள் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். 2023இல், மலையகத்துக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் கேட்டவற்றில் அதுவும் ஒன்று.

பெயர் நிலத்தோடு கட்டப்பட்டால்

பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, வாக்கும் கிடைத்துவிட்டது. 1977இல் நுவரெலியா – மஸ்கெலியா தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். இனியும் என்ன குறை என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். புள்ளிவிபரம் பதில் சொல்லட்டும். 2019 குடும்ப வருமான, செலவின ஆய்வின்படி நாட்டின் வறுமை விகிதம் 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8 சதவீதம். 2016 குடித்தொகை சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்போர் நாட்டில் 17.3 சதவீதம், தோட்டத்தில் 31.7 சதவீதம்.

ஏன் இப்படி? ‘அவங்க அப்படித்தான், குடிச்சே அழிக்கிறாங்க’ என்று பஜாரில் பலரும் சொல்லும் பதில் ஒன்றுண்டு. அது காரணத்தை மக்களின் இயல்பில் தேடுகிறது. நான் கண்ட காரணம் நிலத்தில் இருக்கிறது. லயம் தோட்டத்துக்குச் சொந்தம்; வேலை போனால் காம்பராவுக்கு என்ன ஆகும் என்ற பயம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. உறுதி இல்லாத வீட்டை ஈடு வைத்து ஒரு பெட்டிக்கடை போடக்கூட வங்கியில் கடன் எடுக்க முடியாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, தோட்டத்துக்குள் ஒரு பாதை திருத்தவும் சபைப் பணத்தைச் செலவிடத் தடை இருந்தது. அத்தடை நீக்கப்பட்டது 2018இல். அதாவது, தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம். சபை அவர்களுக்குச் செலவழிக்க முடியாது. முப்பது வருடம் அப்படி ஓடியது.

சம்பளமும் அதே மாதிரித்தான். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் ‘பேர்’ என்று சொல்வார்கள். பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். மாலையில் சாமான் வாங்க வருகிற பெண்கள், “இன்னைக்கு மழைங்க நானா, அரைப் பேருதான் போட்டாங்க” என்பார்கள். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்ற கோரிக்கை 2015இல் எழுந்து 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. அதற்குள் கடையில் அரிசி விலை எங்கோ போய்விட்டது. விற்ற எனக்கே தெரியும்.

அடுத்தது கடிதம். லயங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி விலாசம் கிடையாது. தபால் தோட்டக் காரியாலயத்துக்கு வரும், அங்கிருந்து கை மாறி வரும். என் தோழரின் மகள் என்னிடம் படித்தவர். அவருக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஒரு தோட்டக் காரியாலயத்தில் கிடந்து, பரீட்சை முடிந்த மறுவாரம் கையில் கிடைத்தது. பிள்ளை அழவில்லை. கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டி, “திகதிய பாருங்க சேர்” என்று மட்டும் சொன்னார். அந்தக் கடிதத்தைத் தடுத்து வைத்தவர் எவரும் இல்லை. யாரும் யாரையும் வெறுக்கவில்லை. இருந்தும் ஒரு பிள்ளையின் வேலை போயிற்று. சமத்துவமின்மை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. வெறுப்புப் பேச்சைக் கண்டிக்க நமக்குத் தெரியும். யாரும் வெறுக்காமலே நடக்கும் அநியாயத்தைக் கண்டுகொள்ள நாம் பழகவில்லை.

நம் பக்கத்துக் கணக்கு

வாப்பா மறைந்த பிறகு அவருடைய கடன் கொப்பிகளைப் பார்த்தேன். பஜார்க்காரர்களின் பற்று பெயரோடு இருக்கிறது: மாஸ்டர், மௌலவி, பேக்கரி முதலாளி என்று அடைமொழியோடும் இருக்கிறது. தோட்டத்தார் பற்று ‘மேற்பிரிவு, 4ஆம் லயம், கடைசிக் காம்பரா’ என்று இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது இதைக் கேட்டேன். “அதுகள்ட பேரு எல்லாம் ஒண்டு போல ஈக்கும் மகன், நம்பர் தான் சரிவரும்” என்றார். வாப்பா கெட்டவரல்ல. வேலைநிறுத்தக் காலத்தில் மாதக்கணக்கில் கடன் கொடுத்தவர். ஆனால் தோட்டத்துச் செக்ரோலைப் போலவே எங்கள் கொப்பியும் அவர்களை எண்ணாகத்தான் பதிந்தது.

வரலாற்றிலும் நம் கணக்கு ஒன்றுண்டு. 1948இல் அச்சட்டத்தைக் கொண்டுவந்த டி.எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்தவர் நாம் பெரிதும் மதிக்கும் டி.பி. ஜாயா. கல்விக்கும் சமூகத்துக்கும் அவர் ஆற்றிய பணியை இது குறைக்காது. ஆனால் அந்தச் சட்டம் பற்றி எழுதும்போது, அது வேறு யாரோ செய்தது என்ற பாவனையில் நாம் எழுதக் கூடாது.

‘எங்களுக்கே ஆயிரம் பிரச்சினை, இதையும் தூக்கவா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் தம் தமிழ் அயலவர் மத்தியிலிருந்து புலிகளால் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 2018 மார்ச்சில் திகனவில் என்ன நடந்தது என்பதை மலையகத்து முஸ்லிம்கள் மறக்க முடியாது. ஆனால் ஒரே இரவில் அந்நியராக்கப்படுவது என்னவென்று அறிந்த சமூகத்துக்கு, சட்டத்தால் அந்நியராக்கப்பட்டவரின் வலி மற்றவர்களைவிடச் சீக்கிரம் விளங்க வேண்டும். நம் துன்பம் அவர்களைப் பார்க்கவிடாமல் மறைக்கிறதென்றால் எங்கோ தவறிவிட்டோம்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையல்ல. மலேசியாவுக்கும் தமிழ்நாட்டிலிருந்து இரு சாராரும் போனார்கள். அந்நாட்டு அரசியலமைப்பின் 160ஆம் உறுப்புரை, இஸ்லாத்தைப் பின்பற்றி, மலாய் மொழி பேசி, மலாய் வழக்கங்களை ஒழுகுபவரை மலாய்க்காரர் என்று வரையறுக்கிறது. எனவே தமிழ் முஸ்லிம்களில் ஒரு பகுதியினருக்கு அந்த வேலிக்குள் போக ஒரு வாசல் கிடைத்தது. ரப்பர்த் தோட்டத்துத் தமிழருக்கு அந்த வாசல் இல்லை. இனப் பெயர் சிலருக்குக் கதவு, சிலருக்குச் சுவர். உள்ளே போனவர்கள் தங்கள் கெட்டித்தனத்தால் போனோம் என்று நினைப்பதும் எங்கும் ஒன்றுதான்.

என்ன செய்யலாம்?

அல் ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். கோத்திரங்களாகவும் சமூகங்களாகவும் மனிதர் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்பது அதன் கருத்து. அறிதல் என்பது பொங்கலுக்கும் பெருநாளுக்கும் தட்டுப் பரிமாறுவதோடு நின்றுவிட்டால், கடன் கொப்பியில் லய இலக்கம் எழுதியது போல்தான் ஆகும்.

செய்யக்கூடியவை உண்டு. வீடும் காணியும் கேட்டு மலையக அமைப்புகள் எழுப்பும் குரலில், 7 பேர்ச்சஸ் காணிக்கும் உறுதிக்கும் தனி விலாசத்துக்குமான கோரிக்கையில், மலையக நகரங்களின் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தக சங்கங்களும் பெயர் கொடுத்துச் சேரலாம். தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. நம் ஆய்வாளர்கள் பழைய கடைக் கொப்பிகளையும் பள்ளிவாசல் பதிவுகளையும் தேடிச் சேர்க்கலாம். யார் எப்போது எங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு அவை சாட்சி. 1949இல் பலர் தேடிக் கிடைக்காமற்போன சாட்சி அதுதான்.

பழைய மஸ்கெலியா நகரம் 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போனது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இடிபாடுகளாக மேலே தெரியும். ஆட்கள் படம் எடுப்பார்கள். அதன் கரையோரமாகத்தான் நல்லதண்ணிக்கு பஸ் போகிறது.

எங்கள் கடையில் இப்போது தம்பி இருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் பழைய பிஸ்கட் டின் ஒன்று. அதற்குள் கடிதங்கள். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்திய அந்த வருடத்திலிருந்து, தோட்டத்துப் பிள்ளைகள் பலர் விண்ணப்பங்களில் எங்கள் கடை இலக்கத்தையே விலாசமாகக் கொடுக்கிறார்கள். வங்கி, பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி என்று கடிதம் வரும். தம்பி பெயரைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். இதை நாங்கள் செய்யும் பெரிய உதவியாக நான் நினைத்திருந்தேன். தோழரின் மகளுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. போன சீசனில் தன் குழந்தையோடு வந்தவரிடம் அதைப் பெருமையாகவே சொன்னேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்:

“பெரிய உதவிதாங்க சேர். இல்லன்னு சொல்லல. ஆனா எங்க அம்மாயி காலத்துல சாமானுக்கு உங்க கடை. எங்க காலத்துல காயிதத்துக்கும் உங்க கடை. இவ காலத்துலயாவது எங்க வீட்டுக்கே தபால்காரர் வரணும்ல?”